ஆடுபுலி ஆட்டம்

ஆடுபுலி ஆட்டம் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் கட்ட விளையாட்டு. ஒருவர் கையில் 3 புலிகள், மற்றவர் கையில் 15 ஆடுகள். புலிக்கு ஆட்டை வெட்டுவது வேலை. ஆட்டுக்குப் புலியை நகரவிடாமல் அடைப்பது வேலை. தாயத்திலும் பரமபதத்திலும் இருப்பது போல இங்கே பகடை கிடையாது. எதிராளியின் காய்கள் எல்லாமே கண்முன்னே கிடக்கும். தோற்றவர் விதியைச் சொல்லித் தப்பிக்க முடியாத ஆட்டம் இது.

தமிழ்நாடு முழுக்க ஆடப்பட்டாலும், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போன்ற மானாவாரிச் சீமையில் இதன் காய்களுக்குத் தனிப் பொருத்தம் உண்டு. ஆடு அங்கே வெறும் காயின் பெயரல்ல, பிழைப்பு. ஆடு, புலி, புல்லுக்கட்டு மூன்றையும் ஓடத்தில் அக்கரை சேர்க்கச் சொல்லும் புதிருக்கும் இந்த ஆட்டத்துக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை.

நிலமும் பொழுதும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்தோடு சேர்ந்தவை. திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால் நெல். இல்லையென்றால் கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, மல்லி என்று கரிசல் தரும் வெள்ளாமை. தை, மாசியில் அறுப்பு முடிந்துவிட்டால் ஆடிவரை காட்டில் அதிக வேலை இருக்காது. உச்சிவெயிலில் வெளியே தலைகாட்டவும் முடியாது. ஊர்ச்சாவடி, கோயில் மண்டபம், புளியமரத்தடி, ஊருணிக்கரை வேம்பு என்று நிழல் விழும் இடமெல்லாம் ஆள் சேரும். நீண்ட ஆட்டத்துக்கு வேண்டிய பொழுதை இந்தக் கோடை கொடுத்துவிடுகிறது.

ஆடு வளர்ப்பும் இதே நிலத்தின் தொழில். கறுப்பு உடம்பில், முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி. கோடு செந்நிறமாக இருந்தால் செங்கன்னி. இந்தக் கன்னி ஆடுகள் விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் வளர்க்கப்படும் வெள்ளாட்டு இனம். வெள்ளை உடலில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட வேம்பூர் செம்மறியும் இந்தப் பக்கத்து இனம்தான். அறுப்பு முடிந்த காட்டில் எருவுக்காக இரவில் ஆடுகளைக் கிடை போட்டு அடைப்பார்கள். கிடையில் மனிதன் ஆட்டை அடைக்கிறான். தரையில் கீறிய கோடுகளுக்குள் ஆடு புலியை அடைக்கிறது.

பலகையும் காய்களும்

பலகை என்று பெயர்தான். பெரும்பாலும் தரையில் கரித்துண்டாலோ சாக்கட்டியாலோ கீறிய கோடுகளே பலகை. பரவலாக உள்ள வரைவு முக்கோண வடிவிலானது. உச்சிப் புள்ளியிலிருந்து 4 கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டைத் தொடும். இடையில் 3 குறுக்குக் கோடுகள் முக்கோணத்தின் இருபுறமும் வெளியே நீண்டு நிற்கும். நீண்ட முனைகளை இடப்பக்கம் ஒரு கோடும் வலப்பக்கம் ஒரு கோடும் இணைக்கும்.

கோடுகள் சந்திக்கும் இடங்களில்தான் காய் நிற்கும். உச்சியில் 1, குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் 6 வீதம் 18, அடிக்கோட்டில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். காய்கள் 18. அதாவது ஓர் ஆடுகூட வெட்டுப்படாமல் எல்லாம் இறங்கிவிட்டால் பலகையில் காலியாக இருப்பவை 5 புள்ளிகள்தான். ஆட்டத்தின் இறுக்கம் அத்தனையும் இந்த ஐந்துக்குள் இருக்கிறது.

காய்க்குக் காசு செலவில்லை. புளியங்கொட்டை ஆடாகும், கூழாங்கல்லோ ஓட்டுச்சில்லோ புலியாகும். இரண்டும் பார்த்தவுடன் வேறுபட்டுத் தெரிந்தால் போதும்.

விதிகள்

வழக்கமாக ஒரு புலி உச்சியிலும், மற்ற இரண்டும் அதன் கீழே முதல் குறுக்குக் கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டிலும் நிற்கும். ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஓர் ஆட்டைக் காலிப் புள்ளியில் வைப்பார். பதிலுக்குப் புலிக்காரர் ஒரு புலியைக் கோட்டின் வழியே அடுத்த புள்ளிக்கு நகர்த்துவார். பக்கத்தில் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டலாம். வெட்டுப்பட்ட ஆடு வெளியே போய்விடும். புலி புலியைத் தாண்டக் கூடாது.

பதினைந்தும் இறங்கும் வரை வைத்த ஆடுகளை நகர்த்தக் கூடாது. அதற்குப் பிறகு ஆடும் ஒவ்வொரு புள்ளியாக நகரலாம்; ஆனால் தாண்டவோ வெட்டவோ முடியாது. மூன்று புலிகளும் அசைய வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. இனி அடைக்கவே முடியாத அளவுக்கு ஆடு குறைந்துவிட்டால் புலிக்கு வெற்றி. எத்தனை ஆடு போனால் ஆட்டம் முடிந்தது என்பது ஊருக்கு ஊர் மாறும். தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்வார்கள்.

ஆட்டுக்காரர் கணக்கு

முதன்முதலாக ஆடுபவர் ஆட்டைப் புலிக்கு எதிரே கொண்டுபோய் வைப்பார். அடுத்த நொடியே இழப்பார். பழகியவர் ஓரத்தில் தொடங்குவார். பலகையில் எந்தப் பக்கமிருந்தும் தாண்ட முடியாத புள்ளிகள் 7 உண்டு. உச்சி, இருபக்க நீட்சிகளின் 4 மூலைகள், அடிக்கோட்டின் 2 முனைகள் ஆகியவை அவை. அந்தப் புள்ளிகளில் எல்லாக் கோடுகளும் முடிந்துபோவதால், அங்கே நிற்கும் ஆட்டின் மறுபுறம் புலிக்கு இறங்க இடமே இல்லை. உச்சியில் புலி நிற்பதால் தொடக்கத்தில் ஆட்டுக்குக் கிடைப்பவை ஆறு. சுற்றி நிற்பவர்கள் “மாப்ள, மூலையைப் பிடி” என்று கத்துவது இதற்காகத்தான்.

மூலை கிடைத்தால் அதை ஒட்டிய புள்ளிகளும் பத்திரமாகின்றன. புலி வெட்ட வேண்டுமானால் ஆட்டுக்கு ஒருபுறம் புலியும் நேரெதிர்ப்புறம் வெற்றிடமும் வேண்டும். அந்த இரண்டில் ஒன்றில் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் அந்தக் கோட்டில் வெட்டு நடக்காது. இப்படி ஓரத்திலிருந்து உள்நோக்கி நிரப்பிக்கொண்டே வந்தால் அடிக்கோடு நான்கும், மூன்றாவது குறுக்குக் கோடு ஆறும், மேலே ஓரப் புள்ளிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். புலி குறுக்கே வராவிட்டால் 15 ஆடுகளையும் ஒன்றுகூட இழக்காமல் இறக்கிவிடலாம்.

ஒரு புலியை அடைக்க எத்தனை ஆடு வேண்டும் என்பது அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அடிக்கோட்டின் இடது முனையில் புலி நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு வழி இரண்டுதான்: அடிக்கோட்டில் வலப்புறம், சாய்கோட்டில் மேற்புறம். ஒவ்வொரு வழியிலும் அடுத்தடுத்து இரண்டு ஆடுகள் நின்றால், முன்னால் நிற்பது பாதையை மறிக்கும், பின்னால் நிற்பது தாண்டுதலைத் தடுக்கும். 4 ஆடுகளில் கதை முடிந்தது. அதே புலி உச்சியில் இருந்தால் 4 வழிகள். அடைக்க 8 காய்கள் வேண்டும். பக்கத்துப் புலியும் தடைதான் என்பதால், புலிகள் நெருங்கி நின்றால் ஆட்டுக்காரருக்கு ஆடு மிச்சம்.

புலிக்காரர் கணக்கு

ஆட்டுக்காரர் திட்டத்தைப் புலிக்காரரும் அறிவார். அதனால் நல்ல புலி உச்சியில் கிடந்து காத்திருக்காது. இறங்கி வந்து மூலைகளையும் அவற்றின் அண்டைப் புள்ளிகளையும் பிடித்து, ஆட்டு வரிசை ஒன்று சேராமல் பார்த்துக்கொள்ளும். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. மூலைக்குப் போன புலியை நான்கே ஆடுகள் அடைத்துவிடும். நடுவே நின்றால் வரிசை கட்டவிட வேண்டும், ஓரம் போனால் சிக்க வேண்டும் என்ற இழுபறியில்தான் புலிக்காரர் ஆடுகிறார்.

அவருக்கு ஒரு சாதகம் உண்டு. கடைசி ஆடு இறங்கிய பிறகு ஆட்டுக்காரர் சும்மா இருக்க முடியாது. தன் முறை வந்தால் எதையாவது நகர்த்தியே ஆக வேண்டும். ஒன்றையொன்று தாங்கி நின்ற வரிசையிலிருந்து ஓர் ஆடு முன்னேறினால் அதன் முதுகுக்குப் பின்னே ஒரு புள்ளி காலியாகும். எதிரே புலி நின்றால் ஆடு போயிற்று. புலி இல்லாத பக்கமாகப் பார்த்து முன்னேறி, அடுத்த முறையே பின்வரிசை ஆட்டைக் கொண்டுவந்து அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். பதினைந்தையும் பத்திரமாக இறக்கியவர்கள் பலர் பதினாறாவது முறையில் கோட்டைவிடுவது இதனால்தான்.

இரண்டு பக்கமும் சம பலமல்ல என்பதால், ஒரு முறை ஆடானவர் அடுத்த முறை புலியாகி ஆடுவது உண்டு. பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம் முடிந்த பிறகுதான் யார் கெட்டிக்காரர் என்ற பேச்சு எழும்.

சுற்றி நிற்பவர்கள்

ஆடுபவர் இருவர்தான் என்றாலும் சாவடியில் ஆட்டம் தனியாக நடப்பதில்லை. குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பவர்கள் தாமாகவே இரண்டு கட்சியாகிவிடுவார்கள். ஆட்டுக்கு யோசனை சொல்லப் பத்துப் பேர் இருப்பார்கள். “புலி தாண்டப்போகுது, பின்னாடி ஒண்ணு வைப்பா” என்று ஒருவர் சொல்ல, “வாயை மூடும் மாமா, ஆடுறவன் ஆடட்டும்” என்று எதிர்க்கட்சி அதட்டும். வைத்த காயைத் திரும்ப எடுக்கலாமா என்பதில்தான் சண்டை அதிகம். கை காயை விட்டால் முடிந்தது என்று கறாராக ஆடுபவர்கள் உண்டு. பிள்ளைகளோடு ஆடும் பெரியவர்கள் ஒரு முறை விட்டுக்கொடுப்பார்கள்.

கல்லில் வெட்டிய கட்டங்கள்

தமிழ்நாட்டில் பல கோயில் மண்டபங்களின் தரைக்கல்லில் இந்த முக்கோணக் கட்டம் உளியால் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். தரை பாவிய பிறகு எப்போது வேண்டுமானாலும் அதில் கோடு வெட்டியிருக்கலாம். அதனால் கோயிலின் காலத்தை அந்தக் கட்டத்தின் காலமாகக் கொள்ள முடியாது. சுந்தரர் திருச்சுழியல் என்று பாடிய திருச்சுழி போன்ற பழந்தலங்கள் நிறைந்த பாண்டிய நாட்டில், வழிபாட்டுக்கு வந்தவர் இளைப்பாறும் நிழலாகவும் மண்டபங்கள் இருந்தன. குளிர்ந்த கல்தரை, தூணின் நிழல், கையில் நாலு புளியங்கொட்டை இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும்.

காய் வைத்து ஆடும் பழக்கம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022-இல் தொடங்கிய தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்தன. அவை எந்த ஆட்டத்தின் காய்கள் என்பதைக் காயை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

உறவு ஆட்டங்கள்

தெலுங்கில் இது ‘புலி மேக’. மேக என்றால் ஆடு. கன்னடத்தில் ‘ஆடு ஹுலி’. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாகப் புழங்கும் அருப்புக்கோட்டைக்கு இந்த மூன்று பெயரும் அந்நியமல்ல.

நேபாளத்தின் ‘பாக் சால்’ நெருங்கிய பங்காளி. அதில் 25 புள்ளிகள் கொண்ட சதுரப் பலகை, 4 புலிகள், 20 ஆடுகள். கணினியாளர்கள் லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் இருவரும் அதை ஆராய்ந்து, இரு பக்கமும் தவறே செய்யாமல் ஆடினால் வெற்றி தோல்வியின்றி முடியும் என்று நிறுவினர். ஐரோப்பாவில் ஒரு நரியைப் பல வாத்துகள் மடக்கும் ஆட்டம் இருந்தது. 1732-இல் லாப்லாந்து சென்ற தாவரவியலாளர் லின்னேயஸ், நடுவில் அரசனும் 8 காவலரும் நிற்க 16 பேர் முற்றுகையிடும் ‘தப்லுத்’ ஆட்டத்தைக் குறித்து வைத்தார்.

இன்று நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் ஆடும் கற்பனை உலகங்களின் போர் விளையாட்டுகளிலும் சமமற்ற பக்கங்கள் மோதும் இதே அடிப்படை ஓடுகிறது. டோல்கியனின் கதையை வைத்து 2004-இல் வந்த ‘வார் ஆஃப் த ரிங்’ ஆட்டத்தில், ஒரு பக்கம் பெரும்படையால் கோட்டைகளைப் பிடித்து வெல்லலாம். மறுபக்கம் மோதிரத்தை எரிமலையில் சேர்த்து வெல்லலாம். 2018-இல் வந்த ‘ரூட்’ ஆட்டத்தில் காட்டு விலங்குக் கூட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி. விதிப்புத்தகமும் நூற்றுக்கணக்கான காய்களும் கொண்டு அவை அமைக்கும் சமமற்ற போரை ஆடுபுலி 23 புள்ளிகளில் முடித்துவிடுகிறது.

பேச்சிலும் சந்தையிலும்

யார் யாரை மடக்குகிறார் என்று தெரியாத அரசியல் இழுபறியை ‘ஆடுபுலி ஆட்டம்’ என்று நாளிதழ்கள் தலைப்பிடுவது வாடிக்கை. எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் கமல்ஹாசனும் ரஜினிகாந்தும் நடித்து 1977-இல் வந்த படத்துக்கும் இதே பெயர்தான்.

சென்னையின் கிரீடா போன்ற நிறுவனங்கள் மரபு விளையாட்டுகளைப் பெட்டியில் அடைத்து விற்கின்றன. கைப்பேசிச் செயலியாகவும் ஆடுபுலி கிடைக்கிறது. செயலியில் தவறான காயை நகர்த்த முடியாது, விதிச் சண்டையும் இல்லை. பெட்டியில் வரும் பலகையில் கோடுகள் அச்சிட்டே இருக்கும். சாவடியில் அப்படியல்ல. முந்தின நாள் கீறிய கரிக்கோட்டை யாரோ மிதித்து அழித்திருப்பார்கள். உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு கோட்டையும் மறுபடி இழுத்த பிறகுதான் முதல் ஆடு மூலைக்கு இறங்கும்.