வரிசையிலிருந்து கழன்ற எழுத்து

ரோமில் முதல் நூற்றாண்டில் பேச்சுக்கலை கற்பித்த குவின்டிலியனுக்கு அக்காலத்து ஆசிரியர்களிடம் ஒரு மனக்குறை. எழுத்தின் உருவம் கண்ணில் படுமுன்பே அதன் பெயரையும் வரிசையையும் பிள்ளைகளை உருப்போட வைத்துவிடுகிறார்களே என்று. வாய் முந்திக்கொண்டு ஒப்பிக்க, கண் எழுத்தைக் கவனிப்பதேயில்லை. தந்தத்தில் எழுத்துகளைச் செய்து விளையாடக் கொடுங்கள் என்றார் அவர். இன்று மழலையர் வகுப்பில் பாயில் கொட்டப்படும் எழுத்து வில்லைகளின் வம்சாவளியை அந்தத் தந்த எழுத்துகள்வரை பின்னோக்கிப் பார்க்கலாம்.

403ஆம் ஆண்டுவாக்கில் பெத்லகேமிலிருந்த துறவி ஜெரோம், ரோமில் வாழ்ந்த லேட்டா என்ற தாய்க்கு மகளை வளர்க்கும் முறைபற்றிக் கடிதம் எழுதினார். மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகள் செய்துகொடு; அவற்றின் வரிசையை அடிக்கடி கலைத்துவிடு; கடைசி எழுத்து நடுவிலும் நடு எழுத்து முதலிலும் வரட்டும் என்பது அவர் யோசனை. பாட்டாக ஒப்பிக்கும் குழந்தைக்கு எழுத்து தெரியுமா என்பது வரிசை கலைந்தால்தானே தெரியும்?

எழுத்து அடுத்துப் பகடையில் ஏறியது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1693இல் வெளியிட்ட கல்வி நூலில் தாம் அறிந்த ஒரு பிரபுவைப் பற்றி எழுதுகிறார். ஒரு பகடையின் ஆறு முகங்களில் ஆறு உயிரெழுத்துகள். இன்னும் மூன்று பகடைகளில் பதினெட்டு மெய்யெழுத்துகள். ஒரே வீச்சில் அதிகச் சொற்கள் விழுந்தவருக்கு வெற்றி. சின்னஞ்சிறு பிள்ளையான அவருடைய மூத்த மகன் இப்படி விளையாடியே எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டான்.

இந்தப் பயணத்தின் பெரிய திருப்பம் பணத்தட்டுப்பாட்டால் நேர்ந்தது. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லோரன்சோவில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கினார். முன்பு அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக அவர் செய்வித்திருந்த அழகான மர எழுத்துகளைப் போல இங்கே செய்ய வழியில்லை. தாளில் எழுத்துகளை வெட்டினார்கள். உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டினார்கள். அப்போதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. மரத்தில் எழுத்துக்கு ஒன்றுதான் இருந்தது. தாளிலோ ஒரே எழுத்தை எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம். எழுத்தை அடையாளம் காண்பதோடு நில்லாமல் குழந்தை சொல்லையே கட்டலாம். பென்சில் பிடித்துப் பழகாத விரல்களும் அட்டையை எடுத்துவைத்து ‘எழுத’ முடிந்தது. தவறாக வைத்தாலும் அழிக்க வேண்டியதில்லை, நகர்த்தினால் போதும்.

இந்தப் பயணம் தமிழ்நாட்டையும் தொட்டது. 1939இல் மாண்டிசோரி பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறு வந்தார். போர் மூண்டதால் 1946வரை இந்தியாவில் தங்கி, அடையாற்றிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்.

இதற்கிடையில் அமெரிக்காவில் எழுத்து வில்லை பெரியவர்களின் கைக்குப் போயிருந்தது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், எந்த எழுத்து எத்தனை முறை வருகிறதென்று செய்தித்தாளில் எண்ணிப் பார்த்து ஒரு விளையாட்டை அமைத்தார். ஆங்கிலத்தில் ‘எஸ்’ சேர்த்தால் எளிதாகப் பன்மை ஆகிவிடும் என்பதால் அதற்கு நான்கு வில்லைகளே கொடுத்தார். 1948இல் ஸ்கிராபிள் என்று பெயர் பெற்ற அந்த ஆட்டத்தில் மொத்தம் 100 வில்லைகள். அவற்றில் ஒன்றிரண்டு தொலைந்து ஆட்டத்துக்கு உதவாமற்போன பெட்டிகள், பிற்பாடு கைவினை மேசைக்கு வந்தன. பெயர்ப்பலகை, கழுத்துப் பதக்கம், புகைப்படச் சட்டம், குளிர்பெட்டிக் காந்தம் என்று மரவில்லைகள் மறுபிறவி எடுத்தன. அந்த மேசையில் குழந்தை முதலில் தேடுவது தன் பெயரின் எழுத்துகளைத்தான்.

தமிழுக்கு வரும்போது 247 என்ற எண் மிரட்டுகிறது. கணக்குப் போட்டால் அத்தனை வில்லைகள் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, க முதல் ன வரை அகர வரிசை 18. உருவோடு ஒட்டியே வரும் இ, ஈ, உ, ஊ வரிசைகள் 72. இவற்றோடு கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, புள்ளி ஆகிய ஐந்து. ஆக 108 வகை வில்லைகளில் அத்தனை எழுத்தும் அடங்கிவிடும்; ஔகாரத்துக்கு ள வில்லையே உதவும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்ற 13 எழுத்துகளைப் பொது வழிக்குக் கொண்டுவந்ததால், கால் ஒரே காலாக எல்லா எழுத்துக்கும் பொருந்துகிறது.

வீட்டிலேயே செய்யலாம். காலி அட்டைப்பெட்டியைச் சதுரமாக வெட்டி, எண்ணெய் வண்ணக் குச்சியால் பெரிதாக எழுதினால் போதும். புள்ளிக்கு ஒட்டுப்பொட்டு: ம மேல் வைத்தால் ம், எடுத்தால் மறுபடி ம. மெய்யெழுத்தைக் குழந்தை தன் கையாலேயே ஆக்குகிறது. நேர்கோட்டு எழுத்துகளான ட, ப இரண்டோடு ம சேர்த்துத் தொடங்கினால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் முதல் நாளே கிடைக்கும். ஒரு கால் வந்தால் பாடம், மாடம். வாயில் போட்டுக்கொள்ளும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் பொட்டைத் தவிர்த்து, பெரிய வில்லைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்குவதானால், 247 எழுத்தும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். எழுத்துக்கு ஒன்றென்று அடுக்கிய பெட்டி, குவின்டிலியன் குறைபட்டுக்கொண்ட அதே வரிசைப்பாடத்தைத்தான் மரத்தில் தருகிறது. ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரே ஒரு மா உள்ள பெட்டியில் ‘மாமா’கூட எழுத முடியாது.