பெட்டியின் மேலே ஒரு பெயர், உள்ளே வேறொரு வரலாறு

வரலாற்றுப் பாடத்தில் மூலாதாரங்கள் எவை என்று கேட்டால் நமது பிள்ளைகள் கல்வெட்டு, நாணயம், மகாவம்சம் என்று ஒப்புவிப்பார்கள். அறுபது வருடப் பழைய மின்சாரப் பெட்டியொன்றும் மூலாதாரம்தான் என்றால் சிரிப்பார்கள். இன்றைக்கு அப்படியொரு பெட்டியைப் பற்றிப் பேசுவோம்: அமெரிக்காவில் செய்யப்பட்ட பழைய வால்வு கிட்டார் அம்ப்ளிபயர். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் வால்வு. நமது பெரியவர்களின் வீட்டில் இருந்த பழைய ரேடியோவை நினைத்துப் பாருங்கள். சுவிட்சைப் போட்டவுடன் சத்தம் வராது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய்கள் சூடேறி ஒளிர்ந்த பிறகுதான் பேசும். அந்தக் குழாய்தான் வால்வு. 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபொரஸ்ட் உருவாக்கிய மூன்று மின்வாய் வால்வு, மெல்லிய சைகையைப் பெரிதாக்கும் வழியைத் திறந்தது. 1930களில் மின்சார கிட்டார் கடைக்கு வந்தபோது, அதன் ஒலியைப் பெருக்க இதே வால்வுகள்தான் உதவின.

அக்காலத்தில் அமெரிக்கக் கிராமத்துப் பிள்ளைக்கு இசைக்கருவிக் கடை தூரம். சியர்ஸ், மொன்ட்கொமரி வார்ட் என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள் தடித்த விலைப்பட்டியல் புத்தகங்களை அச்சிட்டு, தபாலில் பொருள் விற்றன. சியர்ஸ் விற்ற அம்ப்ளிபயரில் 'சில்வர்டோன்' என்றும், வார்ட் விற்றதில் 'எயார்லைன்' என்றும் பெயர் இருக்கும். ஆனால் அவற்றைச் செய்தவர்கள் வேறு ஆட்கள்.

நேதன் டானியல் என்பவர் 1947இல் ஆரம்பித்த டானெலெக்ட்ரோ கம்பனி, சில்வர்டோன் அம்ப்ளிபயர்கள் பலவற்றைச் செய்து கொடுத்தது. சிக்காகோவில் வல்கோ என்றொரு கம்பனி. விக்டர், அல், லூயிஸ் என்ற மூன்று பங்காளிகளின் முதலெழுத்துகளோடு கம்பனியைக் குறிக்கும் 'கோ' சேர்ந்த பெயர் அது. அந்த ஒரே தொழிற்சாலையிலிருந்து சுப்ரோ, நெஷனல், எயார்லைன், கிரெட்ச் என்று பல பெயர்களில் அம்ப்ளிபயர்கள் வெளியே போயின. பல வேளைகளில் உள்ளே இருந்த மின்சுற்று ஏறத்தாழ ஒன்றுதான். மேலே ஒட்டிய துணியும் பெயர்ப்பலகையும்தான் மாறின.

மலிவுச் சாமான் என்று அன்று ஒதுக்கப்பட்ட இவற்றின் பெயர் பின்னாளில் உயர்ந்தது. லெட் செப்பலின் குழுவின் முதலாவது இசைத்தட்டுப் பதிவில் ஜிம்மி பேஜ் ஒரு சுப்ரோ அம்ப்ளிபயரைப் பயன்படுத்தினார். ஆனால் செய்தவர்கள் அதைப் பார்க்க நிலைக்கவில்லை. வல்கோ 1968இல் மூடப்பட்டது, டானெலெக்ட்ரோ 1969இல். ஆகவே பெட்டியே தன் வரலாற்றைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அது எப்படிச் சொல்லும்? உள்ளே இருக்கும் பாகங்களில் இலக்கங்கள் குத்தப்பட்டிருக்கும். முதல் மூன்று இலக்கம் பாகத்தைச் செய்த கம்பனி. அடுத்த ஒன்றோ இரண்டோ வருடம். கடைசி இரண்டும் அந்த வருடத்தின் வாரம். 220 என்றால் ஜென்சன் ஸ்பீக்கர். 137 என்றால் சீ.டி.எஸ். கம்பனியின் வொலியூம் கொன்ட்ரோல்.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். ஸ்பீக்கரில் 220412 என்று இருக்கிறது. ஜென்சன், 4இல் முடியும் வருடம், 12ஆவது வாரம். 1944ஆ, 1954ஆ, 1964ஆ? 1944 போர்க்காலம், எனவே அது கடினம். வொலியூம் கொன்ட்ரோலைத் திருப்பினால் 1376408. அதாவது 1964, 8ஆவது வாரம். இரண்டு சாட்சிகளும் பொருந்திவிட்டன. இந்தப் பெட்டி 1964 மார்ச்சுக்கு முந்தியதல்ல என்று சொல்லலாம். பிந்தியதாக இருக்கலாம், ஏனெனில் தொழிற்சாலைகள் பாகங்களை மொத்தமாக வாங்கி வைத்துப் பாவித்தன. அகழ்வில் கிடைத்த நாணயத்தை வைத்து மண்படைக்குக் காலம் சொல்வதும் இதே முறையில்தான்.

இங்கேதான் திருத்துபவரின் பொறுப்பு வருகிறது. பழைய பாகங்களையெல்லாம் கழற்றிக் குப்பையில் போட்டுப் புதியதைப் பூட்டினால் பெட்டி பாடும். ஆனால் அதன் சாட்சிகள் போய்விடும். 1950களின் ஃபெண்டர் அம்ப்ளிபயர்கள் சிலவற்றின் உள்ளே, வயர்களைப் பொருத்திய பெண் தொழிலாளியின் பெயர் ஒட்டுநாடாவில் எழுதப்பட்டிருக்கிறது. அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு அந்தத் துண்டும் ஒரு சான்று. அதை உரித்துவிட்டுத் துடைப்பது, கல்வெட்டைக் கழுவி அழிப்பது போலத்தான்.

அதற்காக எதையும் தொடாமல் வைக்கவும் முடியாது. மின்வழங்கியில் உள்ள கெபாசிட்டர்கள், பாடப் புத்தகத்தில் கொள்ளளவி என்கிறோமே அவை, காலப்போக்கில் காய்ந்துவிடும். அவற்றை மாற்றத்தான் வேண்டும். இரண்டு முனை ப்ளக்கை எடுத்துவிட்டு, புவித்தொடுப்புள்ள மூன்று முனை வயர் போட வேண்டும். ஆகவே நல்ல திருத்துநர்கள் முதலில் படம் எடுப்பார்கள், இலக்கங்களைக் குறிப்பார்கள், கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைப்பார்கள். உயிருக்கு ஆபத்தானதை மாற்றி, மற்றதை இருந்தபடி விடுவார்கள்.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. ப்ளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம். சில மலிவு அம்ப்ளிபயர்களில் நிலைமாற்றியே கிடையாது. சுவர் மின்சாரம் உலோகச் சட்டத்துக்கே வந்து, கிட்டார் தந்தியைத் தொட்டவருக்குக் கரண்ட் அடிக்கலாம். அமெரிக்கப் பெட்டிகள் சுமார் 117 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நமது நாட்டின் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அத்தோடு சரி. பிள்ளைகள் ஆர்வத்தில் திறக்க விடாதீர்கள், தெரிந்த தொழில்நுட்பவியலாளரிடம் கொடுங்கள்.

நம்மூரில் யாரிடமும் சில்வர்டோன் இருக்காது. ஆனால் பரணில் பழைய வால்வு ரேடியோ இருக்கக்கூடும். இரும்புக் கடைக்காரருக்கு நிறுத்துக் கொடுக்கும் முன், ப்ளக் சுவரில் இல்லை என்பதை உறுதி செய்து, பின்பக்கத்தையும் லேபிளையும் வெளியே தெரியும் இலக்கங்களையும் தொடாமல் படமெடுத்து வையுங்கள். அதை யார் வாங்கினார், எந்த வருடம், எந்தக் கடையில் என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதியும் வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.