பின் கதவு கிடைக்குமா, பாய்?

தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறி, ஜன்னலோரமாக இடமும் கிடைத்து உட்கார்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டினால் ஊரப்பாக்கம். அதற்கும் தெற்கே கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர். தினமும் இந்த வழியில் போய்வருகிறவர்கள்கூட ஒரு விஷயத்தை யோசித்திருக்க மாட்டார்கள். பெருங்களத்தூரில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. 1988-ல் கார் தயாரிப்பு நின்றுபோனது. மறைமலை நகரில் இன்னொரு கார் தொழிற்சாலை. அது 2022 ஜூலையில் தன் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. இரண்டுக்கும் நடுவில் ஊரப்பாக்கம்!

தொழிற்சாலை மூடினால் அங்கே பிறந்த கார்கள் செத்துவிடுமா என்ன? சாகாது. ஏதாவது ஒரு பாகம் உடைகிற நாள்வரை ஜம்மென்று ஓடும். உடைந்த அன்றைக்குத்தான் கதை ஆரம்பிக்கும்.

ஊரப்பாக்கத்தில் எனக்கு ஒரு நண்பர். வங்கியிலிருந்து ரிட்டையர் ஆனவர். அவருடைய அப்பா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் த்ரீ, நாலு கதவு வண்டி, இன்னும் வீட்டில் நிற்கிறது. நிற்கிறது என்ன, ஓடுகிறது! போன வருஷம் மழைக்கு அப்புறம் இடதுபக்கப் பின் கதவின் அடிப்பாகம் துருப்பிடித்து, தொட்டால் அப்பளம் மாதிரி உதிர ஆரம்பித்துவிட்டது. என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குக் கிளம்பினார்.

புதுப்பேட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் பிரித்துப்போட்ட வண்டிகளின் தலைநகரம். சந்துக்குச் சந்து இன்ஜின்கள், கியர்பாக்ஸ்கள், மலைபோல் குவிந்த கதவுகள். ஒரு பழைய கடையில் போய் நின்றோம்.

"பாய், ஹெரால்டு மார்க் த்ரீ. இடதுபக்கப் பின் கதவு கிடைக்குமா?"

பாய் நிதானமாக நிமிர்ந்து பார்த்தார். "பிரேக் கேளுங்க, தேடித் தர்றேன். ஸ்டார்ட்டர் கேளுங்க, ஏதாச்சும் பண்ணிக் குடுக்கலாம். பின் கதவா? அது இங்கிலாந்துக்கே போனாலும் கெடைக்காது சார்!"

நண்பருக்கு முகம் தொங்கிவிட்டது. "என்ன சார் இது, இங்கிலீஷ்காரன் வண்டிதானே? அங்கேயே இல்லைன்னா எப்படி?" என்று வழியெல்லாம் புலம்பினார். ஆனால், பாய் சொன்னது சத்தியமான வார்த்தை. அரை நூற்றாண்டு சரித்திரத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார் மனிதர்.

கொஞ்சம் பின்னால் போவோம். சுதந்திரத்துக்கு முன்பு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பெட்டி பெட்டியாகப் பாகங்களை இறக்குமதி செய்து, இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்தன. 1953-ல் சுங்கவரிக் கமிஷன் ஓர் அறிக்கை கொடுத்தது. அதையொட்டி அரசாங்கம் கறாராகச் சொல்லிவிட்டது: இங்கேயே படிப்படியாகத் தயாரிக்கிறவர்கள் இருக்கலாம், வெறுமனே பூட்டுகிறவர்கள் கிளம்பலாம். அமெரிக்கக் கம்பெனிகள் மூட்டை கட்டின. கார் விஷயத்தில் மிஞ்சியவர்கள் முக்கியமாக மூன்று பேர். கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், நம் சென்னையில் ஸ்டாண்டர்ட்!

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் உருவானது. இங்கே யூனியன் கம்பெனி, அங்கே கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. இருவரும் சேர்ந்து போட்ட கூட்டு. வான்கார்டு, ஸ்டாண்டர்ட் எய்ட், ஸ்டாண்டர்ட் டென் என்று வரிசையாக வந்து, 1961-ல் ஹெரால்டு வந்தது.

ஹெரால்டு பிறந்த கதை சுவாரஸ்யமானது. கோவென்ட்ரி கம்பெனிக்கு கார் உடல்களைச் செய்துகொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை, போட்டியாளரான பி.எம்.சி. 1953-ல் விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. என்ன செய்தார்கள்? கீழே தனியாக ஒரு சேஸிஸ். மேலே பல இடங்களில் செய்த துண்டுகளை போல்ட் போட்டு முடுக்கு! உருவத்தை வரைந்தவர் இத்தாலியர், ஜியோவானி மிக்கலோட்டி. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுக்க முதலை வாய் மாதிரி திறக்கும். மெக்கானிக் முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். கழற்றி மாட்டுவதற்கென்றே பிறந்த வண்டி.

ஒரே குறை, இரண்டே கதவு. நம் ஊர்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். முன் சீட்டை மடக்கி, பாட்டியைக் குனியவைத்துப் பின்னால் ஏற்றுவதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும்! அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நாலு கதவு இருந்தது. அதனால் 1960-களின் கடைசியில் சென்னை என்ஜினீயர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். ஹெரால்டை நாலு கதவு வண்டியாக மாற்றினார்கள். அதுதான் மார்க் த்ரீ. இங்கிலாந்தில் ஹெரால்டு 1971-ல் நின்றுபோகும்வரை அங்கே நாலு கதவு ஹெரால்டு என்று ஒன்று வரவே இல்லை.

நம்மவர்கள் அதோடு விடவில்லை. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஊசலாடும். ஆளும் மூட்டையுமாக ஏற்றினால், வண்டி பின்னங்காலை அகட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதைத் தூக்கிப்போட்டு, ஒரே இருசில் இரண்டு சக்கரங்களையும் கோத்து, 1972-ல் கெஸல் என்ற காரைக் கொண்டுவந்தார்கள். 1977 வரை அது வந்தது.

இப்போது பாயின் கடைக்குத் திரும்புவோம். பழைய காரின் பாகங்களை மூன்று அலமாரிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் அலமாரி, பங்காளிச் சரக்கு. கார் கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. 1949-ல் வந்த இந்தியா பிஸ்டன்ஸ், 1961-ல் பாடியில் வந்த லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் வந்த பிரேக்ஸ் இந்தியா என்று சென்னையைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. இப்படிப்பட்டவர்கள் பல கார் கம்பெனிகளுக்கும் பொதுவாகச் செய்துகொடுத்தார்கள். அதனால் ஒரு காரின் பாகத்துக்கு இன்னொரு காரில் ஒரு பங்காளி இருப்பான். எது எதற்குப் பங்காளி என்பது பாய் மாதிரி ஆட்களின் தலையில் இருக்கிறது. கூடவே ஓர் எச்சரிக்கை: 'புத்தம் புதுசு, பிரிக்காத பாக்கெட்' என்று பழைய பிரேக் ரப்பரைக் காட்டினால் வாங்காதீர்கள். ரப்பர் பாக்கெட்டுக்குள்ளேயே கிழடாகும். இரும்புக்குக் காத்திருக்கத் தெரியும், ரப்பருக்குத் தெரியாது.

இரண்டாவது அலமாரி, இங்கிலாந்தில் இருக்கிறது. ஹெரால்டின் சேஸிஸை வைத்துத்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை 1962-லிருந்து 1980 வரை செய்தார்கள். ஹெரால்டின் முன்சக்கர அமைப்பில் இருக்கும் பாகங்களை லோட்டஸ் கார்களிலேயே பயன்படுத்தினார்கள். அங்கே இந்த வண்டிகளுக்குக் கிளப் உண்டு, கேட்லாக் உண்டு, பாகத்துக்குப் பாகம் நம்பர் உண்டு. நம்பரைச் சொன்னால் பார்சலில் வந்துவிடும்.

மூன்றாவது அலமாரி, நாமே யோசித்து நாமே செய்தவை. மார்க் த்ரீயின் பின் கதவு. கெஸலுக்கென்று செய்த உடல் தகடுகள். இந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்... காலி!

அயலான் வரைந்ததைப் பார்த்துச் செய்த பாகம் இன்றைக்கும் கிடைக்கிறது. நம்மாள் மூளையைக் கசக்கிச் செய்த பாகம்தான் கிடைக்கவில்லை. ஏன்? கதவு என்பது வெறும் தகரம் இல்லை. ராட்சச பிரஸ்ஸில் வைத்து அழுத்துகிற அச்சு வேண்டும். அதற்கு வரைபடம் வேண்டும். ஆயிரக்கணக்கில் கதவு தேவைப்பட்டால்தான் அச்சு கட்டுப்படியாகும். ஒரே ஒரு கதவுக்காக யார் அச்சு செய்வார்கள்?

இதைவிட வேதனையான கிளைமாக்ஸ் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, 1976-ல் வந்து, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டத்தைத் தட்டிச்சென்றது. மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. அங்கே மவுசு குறைந்ததும் அதன் அச்சுகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தன. 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்ற பெயரில் கார் வெளிவந்தது. வெளியே ராஜகுமாரன் உடம்பு, உள்ளே பழைய வான்கார்டு வம்சத்து இன்ஜின்! விலையோ இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல். எதிரில் மாருதி 800 சிட்டாகப் பறந்துகொண்டிருந்தது. சில ஆயிரம் கார்களோடு 1988-ல் கதை முடிந்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கேட்டில் பூட்டுத் தொங்கியது.

ஆனால், உள்ளே பாகங்கள் இருந்தன. பதினெட்டு வருஷம் தூசியில் கிடந்தன. 2006-ல் சொத்துக்கள் ஏலத்துக்கு வந்தன. உபயோகிக்காத எஸ்.டி.1 பாகங்கள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனது யார் தெரியுமா? இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தில் பழைய கார்களுக்குப் பாகம் விற்கும் ரிம்மர் பிரதர்ஸ்! அச்சு அங்கிருந்து இங்கே வந்தது. பாகம் இங்கிருந்து அங்கே போனது. இன்றைக்கு ஊரப்பாக்கத்தில் ஒருவர் ஸ்டாண்டர்ட் 2000 வைத்திருந்து, அதற்கு ஒரு பாகம் தேவைப்பட்டு லிங்கனுக்கு ஆர்டர் கொடுத்தால், பக்கத்துப் பெருங்களத்தூரில் தூங்கிக்கொண்டிருந்த சாமானே கப்பல் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து திரும்பி வரலாம். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்கள்.

வெள்ளைக்காரனைத் திட்ட வேண்டாம். அவன் காசு கொடுத்துத்தான் வாங்கினான். நமக்குக் காயலான் கடைச் சரக்காகத் தெரிந்தது, பட்டியல் போட்டு வைத்திருந்தவனுக்குப் புதையலாகத் தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

'யாரோ நாலு பேரின் பழைய கார் பைத்தியம், நமக்கென்ன?' என்கிறீர்களா? ரயிலில் இன்னும் தெற்கே வாருங்கள். மறைமலை நகர். 1950-களில் நாட்டை விட்டுப் போன அதே ஃபோர்டு, 1990-களில் திரும்பி வந்து இங்கே கடை விரித்தது. ஐகான், ஃபியஸ்டா, எகோஸ்போர்ட் என்று செய்தது. 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்தது. பாகங்களும் சர்வீஸும் தொடரும் என்று உறுதி சொன்னது. 2024-ல் இந்தத் தொழிற்சாலையை ஏற்றுமதிக்காக மறுபடி திறக்கப்போவதாகவும் அறிவித்தது. நல்லது. ஆனால், வருஷங்கள் போகப்போக நிறுத்தப்பட்ட எந்த காருக்கும் பாகங்கள் அருகத்தான் செய்யும்.

அப்போது ஹெரால்டுக்காரர் கொடுத்துவைத்தவராகத் தெரிவார். அவருடைய பாகத்தை லேத்தில் கடையலாம், பட்டறையில் வார்க்கலாம். இன்றைய காரின் மூளை ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் இருப்பது மென்பொருள். எந்த லேத்தில் கடைவீர்கள்? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்காக ஓர் இணையதளம் தொடங்கியது. மோட்டார் வாகனங்களும் அதில் உண்டு. நல்ல ஆரம்பம்தான். ஆனால், உரிமை கையில் இருந்து உதிரிபாகம் கையில் இல்லாவிட்டால் என்ன பிரயோசனம்?

இன்னொரு பக்கம், 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி ஐம்பது வயதைக் கடந்த கார்களை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். மார்க் த்ரீக்கு அந்த வயது வந்துவிட்டது. ஆனால் நிபந்தனை, வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும். அசல் உருவத்துக்குப் பின் கதவு வேண்டாமா?

சரி, நண்பரின் கதவு என்ன ஆயிற்று? ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு வயதான டிங்கரைப் பிடித்தோம். அவர் வலதுபக்கக் கதவைக் கழற்றி வைத்து, அட்டையில் வளைவு வளைவாக அளவெடுத்து, அதையே திருப்பிப்போட்டு இடதுபக்கத்துக்கு மாதிரி செய்தார். தகரத்தை வெட்டி, மணல் மூட்டைமேல் வைத்துத் தட்டித் தட்டி, துருப்பிடித்த பகுதியை அறுத்தெடுத்துவிட்டுப் பற்றவைத்தார். பதினோரு நாள் வேலை. பெயின்ட் அடித்த பிறகு எது பழசு, எது புதுசு என்று நண்பருக்கே தெரியவில்லை.

பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டார். கையில் அந்த அட்டைகள். ஒவ்வொன்றிலும் பேனாவால் 'ஹெரால்டு, பின் கதவு, இடது' என்று எழுதியிருந்தார்.

"தூக்கிப் போட்டுடாதீங்க சார். பத்திரமா வைங்க. இதே வண்டி வெச்சிருக்கிறவர் இன்னொருத்தர் எங்கேயாச்சும் தேடிட்டு இருப்பாரு."

மூன்றாவது அலமாரியில் இப்போது ஓர் அட்டைக் கட்டு இருக்கிறது.