ஒரு கடிதமும் ஒரு கட்டுரையும்

கால்நடை மருத்துவர்கள் தாம் கண்ட நோயைப் பிறருக்கு எப்படிச் சொல்கிறார்கள் என்பதை அறிய, இரண்டு சிறிய எழுத்துகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, 1959 செப்டம்பர் 5 அன்று ‘லான்செட்’ இதழில் வெளியான வில்லியம் ஹாட்லோவின் கடிதம். மற்றது, 1987 அக்டோபர் 31 அன்று ‘வெட்டரினரி ரெக்கார்ட்’ இதழில் ஜெரால்டு வெல்ஸும் அவருடைய சகாக்களும் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை. கடிதம், ஆட்டின் ஸ்க்ரேப்பி நோயையும் பப்புவா நியூகினியின் ஃபோரே மக்களை வாட்டிய குரு நோயையும் இணைத்தது. கட்டுரை, பின்னாளில் ‘மேட் கவ்’ என்று உலகமே அறிந்த மாட்டு நோயை முதன்முதலாக விவரித்தது. இரண்டும் இங்கிலாந்திலிருந்து எழுதப்பட்டவை. இரண்டிலும் சாட்சி ஒன்றே: நுண்நோக்கியின் கீழ் துளை துளையாகத் தெரிந்த மூளை நரம்பணுக்கள்.

ஹாட்லோ அமெரிக்கக் கால்நடை மருத்துவர். ஸ்க்ரேப்பியை ஆராய இங்கிலாந்தின் காம்ப்டனுக்கு வந்திருந்தவர். லண்டன் வெல்கம் மருத்துவ அருங்காட்சியகத்தில் குரு நோய் பற்றிய கண்காட்சி ஒன்று நடப்பதாக நண்பர் ஒருவர் சொல்ல, போய்ப் பார்த்தார். குரு நோயாளி ஒருவரையும் அவர் கண்டதில்லை. பார்த்தவை புகைப்படங்கள் மட்டுமே. அவற்றில் தெரிந்தவை போன்ற துளைகளை அவர் ஆட்டு மூளையில் நாள்தோறும் பார்த்துவந்தார். காய்ச்சல் இல்லாமல் மெல்லத் தொடங்குதல், தள்ளாட்டம், நடுக்கம், சில மாதங்களில் மரணம், இருப்பிடத்தை விட்டு வெளியேறிய பின்னும் நோய் வெளிப்படுதல் என ஒற்றுமைகளை அடுக்கிக் காட்டினார். குரு நோயைக் குரங்கினத்துக்குச் செலுத்திப் பார்ப்பது பயன் தரலாம் என்றும் எழுதினார்.

வேபிரிட்ஜில் இருந்த மத்தியக் கால்நடை ஆய்வகத்தின் நிலை நேர்மாறானது. அங்கே புகைப்படம் அல்ல, மூளையே கையில் இருந்தது. 1985 செப்டம்பரில் சசெக்ஸ் பண்ணையொன்றின் மாட்டு மூளையில் துளைகள் கண்டறியப்பட்டன. ஏதோ நச்சின் விளைவு என்று அந்த நேர்வு ஒதுக்கப்பட்டது. 1986 நவம்பரில் வேறு மந்தைகளிலிருந்து வந்த மூளைகளிலும் அதே காட்சி. ஹாட்லோவுக்குத் தோன்றிய அதே எண்ணம் இங்கும் எழுந்தது: இது ஸ்க்ரேப்பி போல இருக்கிறதே! இது மாட்டுக்கு வந்த ஸ்க்ரேப்பியானால் ஏற்றுமதிக்குக் கடும் பாதிப்பு வரும் என்று நோய்க்குறியியல் துறைத் தலைவர் ரேமண்ட் பிராட்லி டிசம்பரிலேயே உள்குறிப்பு எழுதினார்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் உள்ள உறவுதான் வியப்பளிக்கிறது. குறைந்த ஆதாரம் வைத்திருந்தவரும் நிறைந்த ஆதாரம் வைத்திருந்தவர்களும் ஒரே ஒப்புமையைக் கண்டார்கள். ஒருவர் தமக்கு அறிமுகமற்ற மனித மருத்துவர்களிடம் அதைச் சொன்னார். மற்றவர்களுடைய துறையில் அது சொந்தக் கால்நடை மருத்துவர்களுக்கே தாமதமாகச் சென்றது. 1987இன் முதல் பாதியில் இந்நோய் பற்றிய தகவல் பரவாமல் கட்டுப்படுத்தப்பட்டதாக, மாட்டு நோய் விவகாரத்தை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஃபிலிப்ஸ் விசாரணை அறிக்கை பதிவு செய்தது.

நியாயமாக எடைபோட வேண்டும். ஹாட்லோவின் ஒப்புமை பொய்த்திருந்தால் எந்தப் பண்ணையும் மூடப்பட்டிருக்காது. வேபிரிட்ஜின் கணிப்பு பொய்த்திருந்தால் மாடு வளர்ப்போர் வீணாக நொடித்திருப்பார்கள். நோய் அடைகாக்கும் காலம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். எனவே அது கண்ணில் படும் முன்பே தீவனம் வழியாக வேரூன்றிவிட்டது. சில மாத மௌனம்தான் பேரழிவைக் கொண்டுவந்தது என்று சொன்னால் மிகையாகும்.

ஆனாலும் ஒன்றை என்னால் ஏற்க இயலவில்லை. போதிய நேர்வுகள் இல்லாததால் காத்திருந்தோம் என்பது ஒரு வாதம். நேர்வுகளோ, எதைத் தேட வேண்டுமென்று கிராமத்து மருத்துவருக்குத் தெரிந்தால்தான் வந்து சேரும். கட்டுப்பாடு தளர்ந்தபின் நடந்தது இதையே காட்டுகிறது: தகவல்கள் குவிய, அதே ஆய்வகத்தின் நோய்ப்பரவலியல் அறிஞர் ஜான் வைல்ஸ்மித் 1987 முடிவதற்குள் இறைச்சி-எலும்புத் தூள் கலந்த தீவனத்தைக் காரணமாகச் சுட்டினார். 1988 ஜூலையில் அந்தத் தீவனம் மாடுகளுக்குத் தடை செய்யப்பட்டது. அதுவரை ஒவ்வொரு மாதமும் கன்றுகள் அதைத் தின்றுகொண்டே இருந்தன. பிரிட்டனில் 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதியானது.

கடிதத்துக்கும் கட்டுரைக்கும் இடையில் வைத்துப் பார்க்க இன்னொரு செய்தியும் உண்டு. 1930களில் ஸ்காட்லாந்தில் ஆடுகளுக்குப் போட்ட தடுப்பூசியின் ஒரு தொகுதி, ஃபார்மலின் கலந்திருந்தும் ஸ்க்ரேப்பியைப் பரப்பிவிட்டது. தமது பணியில் நேர்ந்த அந்த விபத்தை வில்லியம் கார்டன் 1946இல் அச்சிலேயே எழுதினார். ஸ்க்ரேப்பிக் காரணி ஃபார்மலினுக்கும் மசியாதது என்ற அறிவு அப்படித்தான் பரவியது.

குரு நோயைக் குரங்கினத்துக்குச் செலுத்திப் பார்க்கலாம் என்ற ஹாட்லோவின் யோசனை கனிய நாளானது. 1963இல் குரு நோய்க்கூறு செலுத்தப்பட்ட சிம்பன்சிகள் 1965இல் நோயுற்றன. இச்சோதனையை நடத்திய, குரு நோய் ஆய்வாளர் கார்ல்டன் கஜ்டுசெக் குழுவின் முடிவு 1966இல் வெளியானது. அவருக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரு பாதைகளும் 1996இல் சந்தித்தன. எடின்பரோவின் ராபர்ட் வில் குழு, பத்துப் பேருக்கு வந்த புதுவகைக் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயை ‘லான்செட்’டில் விவரித்தது. அவர்களின் மூளையில் கண்ட படிவுகள் குரு நோயில் காணப்படுபவை போன்றவை என்று அக்கட்டுரை குறித்தது. மாட்டிலிருந்து வந்த மனித நோயை அடையாளம் காண, ஆட்டைப் பார்த்தவர் சுட்டிக்காட்டிய அந்த நோயே அளவுகோலாயிற்று. பிரிட்டனில் 178 பேர் இறந்தார்கள். குரு நோய் 50 ஆண்டுகளுக்கு மேலும் மறைந்திருக்கக்கூடும் என்று ஜான் கோலிஞ் குழு 2006இல் காட்டியபின், மாட்டிறைச்சி உண்டவர்களிடம் இந்நோய் எத்தனை காலம் மறைந்திருக்கும் என்ற கணக்கும் அதைக் கொண்டே மறுபடி போடப்பட்டது.