மழையை நம்பி ஒரு ஏக்கர்ல புல்... கோடைக்கு வைக்கோல் வாங்க வேண்டாம்! கொழுக்கட்டைப் புல் வளர்ப்பது எப்படி? முழு விவரம்

மாசி பிறந்தாலே மாடு வச்சிருக்கிறவங்களுக்கு கவலை ஆரம்பிச்சிடும். மேய்ச்சல் காஞ்சு போகும், வைக்கோல் விலை ஏறும். தீவனத்துக்கு வழியில்லாம நல்ல கறவை மாட்டையே சந்தைக்கு ஓட்டிட்டுப் போற குடும்பங்களும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் இல்லாத மானாவாரி நிலத்திலேயே புல் வளர்த்து, காயவச்சு, கோடைக்கு சேமிக்க முடியுமா? முடியும் என்பதற்கு கொங்கு மண்டலத்தில் பழைய உதாரணமே இருக்கிறது.

கொறங்காடு சொல்லும் பாடம்

தாராபுரம், காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் போனால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளைப் பார்க்கலாம். உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். இதைத்தான் கொறங்காடு என்கிறார்கள். மழை குறைவான இந்த மண்ணில் காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இந்தப் புல்லைத் தின்றுதான். வேர் ஆழமாகப் போவதால் வறட்சியைத் தாங்கும். மேலே காய்ந்து போனாலும், ஒரு மழைக்கு அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

கம்பு நேப்பியர் போடக்கூடாதா?

போடலாம், ஆனால் அதற்கு தொடர்ந்து தண்ணீர் வேண்டும். தண்டு தடிமனாக இருப்பதால் சீக்கிரம் காயாது, உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். பச்சையாக வெட்டிப் போட அது நல்லது. உலர்புல்லாக சேமிக்க மெல்லிய தண்டுள்ள கொழுக்கட்டைப் புல்தான் வசதி.

எப்போது, எப்படி விதைப்பது?

- ஆடி முதல் ஐப்பசி வரை, மழையை ஒட்டி விதைக்கலாம். தண்ணீர் தேங்கும் நிலம் ஆகாது.
- இரண்டு, மூன்று உழவு ஓட்டி, ஏக்கருக்கு சுமார் 2 டன் மக்கிய தொழு உரம் போட வேண்டும்.
- ஏக்கருக்கு இரண்டரை முதல் 3 கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை 50 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி.
- விதை பஞ்சு மாதிரி லேசாக இருக்கும், காற்றில் பறக்கும். ஈர மணலோடு கலந்து தூவினால் சீராக விழும்.
- ஆழமாகப் புதைக்காதீர்கள். மேலாக மண் மூடினால் போதும். முளைக்காமல் போவதற்கு ஆழம் ஒரு முக்கிய காரணம்.

இன்னொரு காரணம், விதையின் உறக்கம். அறுவடை செய்த புது விதை 6 முதல் 8 மாதம் வரை சரியாக முளைக்காது. அதனால் போன வருஷத்து விதையை வாங்குங்கள். வாங்கும்போதே "எப்போ அறுத்த விதை?" என்று கேட்பது நல்லது.

கூடவே முயல் மசால்

புல்லில் மாவுச்சத்தும் நாரும் உண்டு, புரதம் குறைவு. அதை ஈடுகட்ட மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் போடலாம். இதன் விதைத்தோல் கடினம். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையை 4 நிமிடம் போட்டு வடித்து, பிறகு குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து விதைக்க வேண்டும்.

முதல் வருஷம் பொறுமை முக்கியம்

விதைத்த 30 நாளில் ஒரு களை எடுங்கள். விட்டுவிட்டால் களை புல்லை அமுக்கிவிடும். வேர் பிடிக்கும் முன் மாட்டை உள்ளே விட்டால் நாற்று வேரோடு வந்துவிடும். எனவே முதல் வருஷம் மேய்ச்சல் வேண்டாம், அறுத்து மட்டும் போடுங்கள். ஒரு முறை விதை முற்றி உதிர விட்டால் இடைவெளிகள் தானாகவே நிரம்பும்.

அறுப்பது எப்போது?

முதல் அறுப்பு 70 முதல் 75 நாளில் வரும். தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. விட்டு அறுக்க வேண்டும். பூக்கத் தொடங்கும் நேரம்தான் சரியான பருவம். முற்ற விட்டால் எடை கூடும், சத்து குறையும்.

இங்கே ஒரு சிக்கல்: ஆடி, ஆவணியில் விதைத்தால் முதல் அறுப்பு வடகிழக்கு மழையில் மாட்டிக்கொள்ளும். அதை பச்சையாகவே மாட்டுக்குப் போடுங்கள். மழை ஓய்ந்த பிறகு, மார்கழி கடைசி, தை மாதத்தில் வரும் அறுப்பை உலர்புல்லுக்கு ஒதுக்குங்கள்.

காயவைக்கும் முறை

காலையில் பனி விலகியதும் அறுத்து மெல்லியதாகப் பரப்புங்கள். நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். சாயந்தரம் சிறு குவியலாகக் கூட்டினால் பனி உள்ளே இறங்காது. நல்ல வெயிலில் இரண்டு, மூன்று நாளில் தயாராகும். ஈரம் 15 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

கருவி எதுவும் வேண்டாம். ஒரு பிடி புல்லை முறுக்கிப் பாருங்கள். கையில் ஈரம் பட்டால் இன்னும் காயணும். இலை பொடியாக உதிர்ந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. பச்சை நிறமும் புல் வாசனையும் இருந்தால் சரி.

தரையில் நேரடியாகப் போர் போடாமல், கல் அல்லது கட்டை மேல் அடுக்கி மேலே மூடுங்கள். முதல் இரண்டு வாரம் போருக்குள் கைவிட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் உடனே பிரித்துக் காயப்போட வேண்டும். ஈரத்தோடு அடுக்கிய போர் தானாகவே தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. பூஞ்சை பிடித்த புல்லை எந்த மாட்டுக்கும் போடாதீர்கள், குறிப்பாக சினை மாட்டுக்கு!

கணக்கு என்ன சொல்கிறது?

மற்ற தீவனத்தோடு சேர்த்து ஒரு மாட்டுக்கு தினம் 5 கிலோ உலர்புல் என்றால், 100 நாள் கோடைக்கு 500 கிலோ. இரண்டு மாட்டுக்கு 1 டன். நாலு பங்கு பச்சைப் புல் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு பங்கு உலர்புல் கிடைக்கும். அதாவது 4 டன் பச்சைப் புல் தேவை. நல்ல மழை வருஷத்தில், 4 முதல் 6 அறுப்பில் ஏக்கருக்கு 16 டன் வரை எடுக்கலாம். மழை ஏமாற்றி கால் பங்கே கிடைத்தாலும், அதை முழுசாக உலர்த்தி வைத்தால் இரண்டு மாடு கோடையைத் தாண்டிவிடும்.

விதை தேவைப்படுவோர் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்கள் துறையிலோ, அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரிக்கலாம். முதல் தடவை செய்பவர்கள் கால் ஏக்கரில் தொடங்குங்கள். ஒரு கோடையைத் தாண்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் விரிவாக்கலாம்.