நாலு மில்லிமீட்டர் யுத்தம்

டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர்கள் நாலு பேர் மேஜையைச் சுற்றி நின்றால் கொஞ்ச நேரத்தில் பேச்சு ரப்பருக்கு வந்துவிடும். இப்போதைய சண்டை, டாக்கியா ஹைபிரிட்டா என்பது. ஆடாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம் சொல்லிவிடுகிறேன். மட்டையின் மரத்து மேல் ஒட்டியிருக்கிறதே, அதுதான் ரப்பர். பார்க்க ஒரே பொருள் மாதிரி இருந்தாலும் அது இரண்டு அடுக்கு. மேலே வழவழவென்று ஒரு தாள், கீழே ஸ்பாஞ்ச். மேல்தாள் பிசுபிசுவென்று ஒட்டினால் அது டாக்கி ரப்பர். நல்ல டாக்கி ரப்பரில் பந்தை அழுத்திவிட்டு மட்டையைத் தலைகீழாகப் பிடித்தால், பந்து ஒன்றிரண்டு நொடி விழாமல் தொங்கும். இது சீனாக்காரர்கள் பாணி. ஜெர்மனி, ஜப்பான் பாணியில் மேல்தாள் அவ்வளவாக ஒட்டாது, ஸ்பாஞ்ச் துள்ளும். பிசுபிசுப்பான தாளுக்கு அடியில் துள்ளும் ஸ்பாஞ்சை வைத்தால் அது ஹைபிரிட்.

கடைக்காரர்கள் ஹைபிரிட்டை ஏதோ நேற்று ராத்திரி கண்டுபிடித்த மாதிரி விற்கிறார்கள். கொஞ்சம் பழைய கதையைப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. எழுபது வருஷமாக இந்த விளையாட்டில் விதி எழுதுகிறவர்களுக்கும் ரப்பர் ஒட்டுகிறவர்களுக்கும் ஒரு ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டே இருக்கிறது. இவர்கள் தடுக்கில் பாய்ந்தால் அவர்கள் கோலத்தில் பாய்கிறார்கள். ஹைபிரிட் அந்தப் பாய்ச்சலில் இப்போதைக்குக் கடைசி.

அந்தப் பந்தயம் சூடு பிடித்தது நம்ம ஊரில்தான். 1952, பம்பாய். ஆசியாவில் முதன்முதலாக நடந்த உலக சாம்பியன்ஷிப். அதுவரைக்கும் பெரும்பாலானவர்கள் மட்டையில் இருந்தது மெல்லிய முள் ரப்பர், ஸ்பாஞ்ச் கிடையாது. பந்து பட்டால் 'டொக்' என்று சத்தம் வரும். ஆட்டக்காரர்கள் கண்ணால் மட்டுமல்ல, காதாலும் ஆடினார்கள். எதிராளி எவ்வளவு வேகமாக அடித்தான் என்பதை அந்தச் சத்தமே சொல்லிவிடும்.

அங்கே வந்தார் ஹிரோஜி சாதோ. ஜப்பான்காரர், கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள், அதற்கு முன்னால் உலகத்தில் யாருக்கும் பெரிதாகத் தெரியாதவர். அவர் மட்டையில் முள் ரப்பரே இல்லை, மொத்தையான ஸ்பாஞ்ச் மட்டும். பந்து பட்டால் சத்தமே வராது! எப்போது பட்டது, எவ்வளவு வேகத்தில் கிளம்பியது என்று எதிராளிக்குப் பிடிபடவில்லை. கோப்பையை வெல்வார் என்று பலர் நினைத்த அமெரிக்காவின் மார்ட்டி ரைஸ்மன் அவரிடம் தோற்றார். இறுதிப்போட்டியில் ஹங்கேரியின் யோசெஃப் கோட்சியானும் தோற்றார். ஆண்கள் ஒற்றையரில் ஆசியாவின் முதல் உலக சாம்பியன் சாதோ.

ரைஸ்மன் கதை தனியாக எழுத வேண்டிய கதை. அந்தத் தோல்வியை அவர் சாகும்வரை மறக்கவில்லை (2012இல் காலமானார்). ஸ்பாஞ்ச் இந்த விளையாட்டையே கெடுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பழைய முள் ரப்பர் மட்டையோடு 1997இல், 67 வயதில், அமெரிக்க தேசிய ஹார்ட்பேட் பட்டத்தை ஜெயித்தார். பிடிவாதம் என்றால் இப்படி இருக்கணும் :-)

சாதோ பிறகு பெரிதாக ஜெயிக்கவில்லை. ஆனால் ஸ்பாஞ்ச் ஜெயித்துவிட்டது. 1954இல் இச்சிரோ ஒகிமுராவும் ஸ்பாஞ்ச் மட்டையோடுதான் உலக சாம்பியன் ஆனார். ஆளாளுக்கு இஷ்டப்பட்ட தடிமனில் ஒட்டத் தொடங்க, 1959இல் சர்வதேச சம்மேளனம் ஒரு கோடு போட்டது. வெறும் ஸ்பாஞ்ச் கூடாது. ஸ்பாஞ்சின் மேல் ரப்பர் தாள் இருந்தாக வேண்டும். இரண்டும், நடுவில் இருக்கும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

இந்த விதி இன்னமும் அப்படியே இருக்கிறது. எனக்கு இந்த மொத்த வரலாற்றிலேயே முக்கியமான எண் இந்த 4தான். தடிமனைக் கூட்டி வேகம் வாங்கும் வழி அத்தோடு அடைபட்டுவிட்டது. இனிமேல் எது செய்வதானாலும் அந்த நாலு மில்லிமீட்டருக்குள்ளேயே செய்ய வேண்டும். அதாவது பிரச்சினை அளவிலிருந்து வேதியியலுக்கு மாறியது.

அங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் ஜப்பான். முள்ளை உள்பக்கமாகத் திருப்பி, வழவழப்பான பக்கத்தை வெளியே வைத்து, பந்தைக் கீழிருந்து மேலே உரசி இழுக்கும் லூப் என்ற அடியை 1960 வாக்கில் அவர்கள் கொண்டுவந்தார்கள். அதற்கேற்ற ரப்பர்களும் வரிசையாக வந்தன. 1967இல் பட்டர்ஃபிளையின் ஸ்ரைவர், 1969இல் யசாகாவின் மார்க் ஃபைவ். இந்த இரண்டு பெயரும் நம் சீனியர்களின் சீனியர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

இன்னொரு பக்கம் சீனா. ரோங் குவோதுவான் 1959இல் டோர்ட்மண்டில் சீனாவுக்கு முதல் உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதே வருஷம் ஷாங்காயில் டபுள் ஹேப்பினெஸ் என்ற பெயர் பிறந்தது (டி.எச்.எஸ். என்று நாம் சொல்வது இதைத்தான்). ஷாங்காயின் டி.எச்.எஸ்.ஸும் தியான்ஜினின் ஃப்ரெண்ட்ஷிப் 729ம் போன பாதை வேறு. மேல்தாளைப் பிசுபிசுப்பாக்கு, ஸ்பாஞ்சைக் கல்லு மாதிரி வை. ஏன்? சீன ஆட்டம் மேஜையை ஒட்டி ஆடும் ஆட்டம். சர்வீஸ், அதற்கடுத்த மூன்றாவது பந்து, வலைக்குப் பக்கத்தில் குட்டியாகத் தட்டிவிடுவது, இதிலேயே பாதி பாயிண்ட் முடிந்துவிடும். மெதுவாகத் தொட்டால் பந்து துள்ளிப் போகக் கூடாது, உரசினால் மட்டும் ஸ்பின் கொட்ட வேண்டும். பிசுபிசுப்பு மேல்தாளும் கெட்டி ஸ்பாஞ்சும் சரியாக அதைத்தான் தரும். ஆனால் ஓசியில் வேகம் தராது. வேகம் வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து முழுசாகச் சுழற்றி நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாக்காரர்களுக்கு ஓசி வேகம் தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி ஒரு பஞ்சர் கடை வழி! 1970களில் சைக்கிள் டியூப் ஒட்டுகிற பசையைத் தடவி ரப்பரை ஒட்டினால், அதிலிருக்கும் கரைப்பான் ஸ்பாஞ்சுக்குள் புகுந்து அதை உப்ப வைக்கிறது, மேல்தாள் இழுபட்டு விறைப்பாகிறது, பந்து கவண் கல் மாதிரி பறக்கிறது என்று பார்த்துவிட்டார்கள். ஹங்கேரியின் டிபோர் கிளாம்பார், யூகோஸ்லாவியாவின் திராகுதின் ஷுர்பெக் ஆகிய இருவர் பெயரையும் இந்தக் கண்டுபிடிப்போடு சேர்த்துச் சொல்வார்கள். 1979இல் பியோங்யாங்கில் கிளாம்பார் இருந்த ஹங்கேரி அணி சீனாவைத் தோற்கடித்து உலகப் பட்டம் வாங்கியது. 1989இல் ஸ்வீடன் சீனாவை 5-0 என்று அடித்தது. எல்லாம் பசையால் வந்த வெற்றி என்று சொல்லமாட்டேன், வால்ட்னர் மாதிரி ஒரு ஆள் எந்த மட்டையிலும் ஜெயிப்பார். ஆனாலும் பசை இல்லாமல் அந்தக் காலத்து ஐரோப்பிய ஆட்டத்தைக் கற்பனை பண்ண முடியாது.

பசையின் விளைவு சில மணி நேரம்தான். அதனால் ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் ரப்பரை உரித்து, தடவி, மறுபடி ஒட்ட வேண்டும். ஓய்வறை முழுக்க பெட்ரோல் பங்க் வாடை. சுவாசித்தால் உடம்புக்குக் கெடுதி என்பதால் சம்மேளனம் படிப்படியாகக் கட்டுப்பாடு போட்டு, கடைசியில் ஆவியாகும் கரைப்பான் உள்ள பசைகளை 2008 செப்டம்பர் 1 முதல் அடியோடு தடை செய்தது. தேதியைக் கவனியுங்கள். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மா லின் தங்கம், வாங் ஹாவ் வெள்ளி, வாங் லிச்சின் வெண்கலம் என்று சீனா மொத்தமாக அள்ளியது ஆகஸ்ட் 23. பத்து நாள்கூட ஆகவில்லை, அந்த ஆட்டம் ஆடிய பசை சட்டவிரோதம்.

இந்த அடி இரண்டு பாதைகளிலும் ஒரே மாதிரி விழவில்லை. ஜப்பானும் ஜெர்மனியும் முன்கூட்டியே தயாராகிவிட்டன. பசை செய்கிற வேலையைத் தொழிற்சாலையிலேயே ரப்பருக்குள் ஏற்றிவிடும் டென்ஷன் ரப்பர்கள் 1990களிலேயே வந்துவிட்டன (பட்டர்ஃபிளையின் பிரைஸ் 1997). 2008இல் தடைக்குச் சில மாதம் முன்னால் டெனர்ஜி 05 கடைக்கு வந்தது. பிசினஸில் டைமிங் என்றால் என்ன என்று எங்கள் மார்க்கெட்டிங் பேப்பரில் கேட்டால் நான் இதைத்தான் எழுதுவேன்.

சீன ரப்பருக்குத்தான் திண்டாட்டம். பசை இல்லாத கெட்டி ஸ்பாஞ்ச் வெறும் பலகை. டி.எச்.எஸ். ஹரிகேன் ரப்பரைத் தொழிற்சாலையிலேயே பதப்படுத்தி 'நியோ' என்று விட்டது. அதுவும் போதாமல் பூஸ்டர் என்ற எண்ணெய் வந்தது. ஸ்பாஞ்சில் தடவினால் பசை மாதிரியே உப்ப வைக்கும், வாடை கிடையாது, சோதனையில் பிடிப்பதும் கஷ்டம். ரப்பரின் தன்மையை மாற்றும் எதையும் தடவக் கூடாது என்று விதிப் புத்தகம் சொல்கிறது. தடவுகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். இந்த விஷயத்தில் சம்மேளனத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. கண்டுபிடிக்க முடியாத ஒன்றைத் தடை செய்தால், விதியை மதிக்கிறவன் மட்டும் தண்டனை அனுபவிப்பான்.

இதே காலத்தில் சீன வீரர்கள் சத்தமில்லாமல் இன்னொரு காரியம் செய்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஜாங் ஜிகேயின் மட்டையைப் பாருங்கள். ஃபோர்ஹேண்டில் ஹரிகேன், பேக்ஹேண்டில் டெனர்ஜி. பேக்ஹேண்டில் கையை முழுசாகச் சுழற்ற இடமில்லை, அதனால் அங்கே துள்ளும் ரப்பர். ஆக, ரப்பர் ஹைபிரிட் ஆவதற்கு முன்பே மட்டை ஹைபிரிட் ஆகிவிட்டது!

மிச்சத்தைப் பந்து செய்தது. 2000இல் பந்து 38லிருந்து 40 மில்லிமீட்டர் ஆனது. 2014இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. இரண்டு முறையும் ஸ்பின் குறைந்தது. போன ஸ்பின்னைத் திரும்பப் பிடிக்க, டென்ஷன் ரப்பர் செய்கிறவர்கள் ஸ்பாஞ்சைக் கெட்டியாக்கினார்கள், மேல்தாளின் பிடிப்பைக் கூட்டினார்கள். அப்படியே போனால் எங்கே போய் நிற்கும்? சீனா வாசலில்தான். 2019இல் பட்டர்ஃபிளையின் டிக்னிக்ஸ் வரிசை தொடங்கியது. அதில் வந்த 09சி பிசுபிசுப்பானது. பட்டர்ஃபிளை அளவுகோலில் டெனர்ஜி 05இன் ஸ்பாஞ்ச் 36 டிகிரி, 09சி 44. பிறகு டிபாரின் ஹைபிரிட் கே3, ஆண்ட்ரோவின் ரசாண்டர் சி53, டோனிக்கின் புளூகிரிப் சி1 என்று ஜெர்மன் பக்கமிருந்து ஒரு பட்டாளமே வந்தது. பூஸ்டர் தடவிய ஹரிகேன் கொடுப்பதில் முக்கால்வாசியை, எதுவும் தடவாமல் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சட்டப்படி கொடுக்கிறோம் என்பதுதான் இவற்றின் வியாபாரப் பேச்சு. என் கணிப்பில் அது பொய்யில்லை. ஆனாலும் 2024 பாரிஸில் தங்கம் வாங்கிய ஃபான் ஜென்டோங்கின் ஃபோர்ஹேண்டில் அப்போதும் இருந்தது ஹரிகேன் 3தான்.

சரி, நமக்கு எது? முதலில் ஒரு எச்சரிக்கை. மா லாங் வைத்திருக்கிறார் என்று கடையில் போய் ஹரிகேன் 3 வாங்குகிறவர்கள் அவர் ரப்பரை வாங்கவில்லை. தேசிய அணிக்குப் போகும் தாள் தனி ரகம், கடைத்தாள் வேறு. கடைத்தாளை எதுவும் தடவாமல் ஒட்டினால் முதல் வாரம் 'என்னடா பந்து போகவே மாட்டேங்குது' என்றுதான் இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் டிகிரியைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். சீன அளவுகோல் வேறு, ஜெர்மன் வேறு, ஜப்பான் வேறு. ஹரிகேனின் 40, டிக்னிக்ஸின் 44ஐ விட மெத்து என்று நினைத்தால் கதை கந்தல்.

அடுத்தது காசு. ரப்பர் தேய்மானம் உள்ள சொத்து. தினமும் ஆடினால் சில மாதத்தில் மேல்தாள் பிடிப்பை இழக்கும். ஒரு டிக்னிக்ஸ் 09சி விலைக்குக் கடை ஹரிகேன் மூன்று வாங்கலாம். வாரம் இரண்டு சாயங்காலம் ஹாஸ்டல் மேஜையில் ஆடுகிறவன் அந்த விலைக்கு வாங்குவது யாரோ ஒரு சீன வீரர் பூஸ்டர் தடவாமல் இருப்பதற்கான மாற்று வழியை. நமக்கு அந்தப் பிரச்சினையே இல்லையே!

முழுக் கையையும் சுழற்றி அடிக்கிறவர், சர்வீஸில் பாயிண்ட் எடுக்கிறவர் என்றால் ஃபோர்ஹேண்டுக்கு 39 டிகிரி ஹரிகேன் 3 நியோ எடுங்கள், ஒரு மாதம் பொறுமையாக இருங்கள். டோர்னமென்ட் ஆடுகிறவர், மேஜையை விட்டு ஒரு அடி தள்ளி நிற்கிறவர், காசும் இருக்கிறது என்றால் ஹைபிரிட் நியாயமான செலவு. பேக்ஹேண்டுக்கு இரண்டுமே வேண்டாம். 1969இல் வந்த அந்த மார்க் ஃபைவ் இன்றும் கடையில் கிடைக்கிறது, டிக்னிக்ஸில் பாதி விலைகூட இல்லை.