ஏழு விநாடி ஆட்டம்: பீனிக்ஸ் சன்ஸ் ஏன் கோப்பை ஜெயிக்கல?

கோப்பை வாங்காத அணியைப் பற்றி யாரும் அதிகம் பேசமாட்டாங்க. இன்னிக்கு நாம அப்படி ஒரு அணியைப் பற்றித்தான் பேசப்போறோம்: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் 2004 முதல் 2008 வரை ஆடிய பீனிக்ஸ் சன்ஸ்.

2003-04 சீசனில் சன்ஸ் 82 ஆட்டங்களில் ஜெயித்தது வெறும் 29. அடுத்த சீசனில் 62! ஒரே வருஷத்தில் என்ன மாறியது?

எல்லாரும் சொல்கிற பதில், ஸ்டீவ் நாஷ். 30 வயசு ஆனவருக்கு இவ்வளவு பணம் வேண்டாம்னு டாலஸ் அணி விட்டுவிட, பீனிக்ஸ் அவரைக் கூட்டிவந்தது. அதே வருஷம், பந்து வைத்திருப்பவரைக் கையால் தடுக்கக் கூடாது என்ற விதியை நடுவர்கள் கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கினார்கள். இரண்டும் உண்மை. ஆனா பெரிய மாற்றம், பயிற்சியாளர் மைக் டி'ஆன்டோனி எந்த ஐந்து பேரை இறக்கினார் என்பதில் இருக்கு.

அன்றைய வழக்கப்படி கூடைக்குக் கீழே இரண்டு நெட்டையர்கள் நிற்கணும். டி'ஆன்டோனி அந்த வழக்கத்தை உடைத்தார். பவர் பார்வர்டாக ஆடவேண்டிய அமாரே ஸ்டூடமயரை சென்டராக்கினார். 6 அடி 7 அங்குலமே உள்ள ஷான் மேரியனை பவர் பார்வர்டாக்கினார். மீதி இடங்களில் நாஷ், ஜோ ஜான்சன், குவென்டின் ரிச்சர்ட்சன். மூவருமே தூரத்திலிருந்து மூணு பாயிண்ட் போடுகிறவர்கள்.

இதில் என்ன லாபம்? பந்து கையில் வந்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிஞ்சாகணும். முதல் ஏழு எட்டு விநாடியில் எதிரணி இன்னும் திரும்பி ஓடிக்கிட்டேதான் இருக்கும். யார் யாரைப் பிடிக்கணும்னே தெளிவு இருக்காது. அந்த நேரத்தில் எறிஞ்சுடு என்பதுதான் திட்டம். "ஏழு விநாடி அல்லது அதற்குள்" என்ற பேர் வந்தது அப்படித்தான். ஆனா "ஓடு ஓடு"ன்னு கத்தினால் மட்டும் போதாது. ஐந்து பேரும் ஓடக்கூடியவர்களா இருக்கணும். மூலைகளில் நிற்கிறவர்கள் எறியத் தெரிஞ்சவர்களா இருந்தால்தான் எதிரணி அவர்களை விட்டு நகர முடியாமல் நடுப்பகுதி காலியாகும். அந்தக் காலி இடத்தில்தான் ஸ்டூடமயர் பாய்ந்தார். அந்த வேகம் பிறந்ததே ஆள் தேர்வில்தான்.

அந்த சீசனில் சன்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 110 புள்ளிகள் எடுத்தது. லீகின் சராசரியோ 97.

அப்புறம் ஏன் தோற்றாங்க? "பிளே ஆஃபில் ஆட்டம் மெதுவாகும், அங்கே வேகம் பலிக்காது" என்பது அன்றைய தீர்ப்பு. கணக்கைப் பாருங்க. 2005 மேற்குப் பிரிவு இறுதியில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடம் 4-1 தோல்வி. ஆனா முதல் ஆட்டத்தில் சன்ஸ் எடுத்தது 114, ஸ்பர்ஸ் எடுத்தது 121. இரண்டாவது ஆட்டத்தில் 108-க்கு 111. புள்ளி எடுக்க முடியாமல் தோற்கவில்லை, எதிரியைத் தடுக்க முடியாமல் தோற்றார்கள். கண்ணருகே எலும்பு முறிந்த ஜோ ஜான்சன் அந்த இரண்டு ஆட்டங்களிலும் இல்லை. பெஞ்சில் அவருக்கு ஈடான ஆளும் இல்லை.

எனக்குத் தெரிஞ்சு உண்மையான பலவீனம் இந்த பெஞ்சுதான். ஏழெட்டுப் பேரை வைத்தே ஓடுகிற ஆட்டத்தை ஆடினார்கள். ஜோ ஜான்சன் 2005-ல் அட்லான்டாவுக்குப் போனார். 2006-ல் டிராப்டில் எடுத்த ராஜான் ரோண்டோவை அன்றே பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2007-ல் ஸ்பர்ஸுடன் 2-2 என்று சமமாக இருந்தபோது ஸ்டூடமயரும் போரிஸ் டியாவும் ஒரு ஆட்டத்துக்குத் தடை செய்யப்பட்டார்கள். நாஷை ராபர்ட் ஹாரி இடித்துத் தள்ளியதும் பெஞ்ச் பகுதியை விட்டு எழுந்து போனதுதான் குற்றம். அடுத்த ஆட்டத்தில் 88-85 தோல்வி. இரண்டு பேர் இல்லைன்னா ஆடிப்போகிற அணியாகத்தான் அது இருந்தது.

2008 பிப்ரவரியில் அணியே தன் வழியைச் சந்தேகப்பட்டது. பொது மேலாளர் ஸ்டீவ் கெர், மேரியனைக் கொடுத்து 7 அடி 1 அங்குல ஷக்கீல் ஓ'நீலை வாங்கினார். ஓடுகிற ஆளைக் கொடுத்து நிற்கிற ஆளை வாங்கியாச்சு. முதல் சுற்றிலேயே ஸ்பர்ஸிடம் மறுபடி 4-1. டி'ஆன்டோனி நியூயார்க் போனார்.

இனிதான் வேடிக்கை. 2014 இறுதிப்போட்டி 1-1 என்று இருந்தபோது, அதே ஸ்பர்ஸ் ஒரு நெட்டையரை உட்காரவைத்து டியாவைத் தொடக்க ஐவரில் இறக்கியது. தொடரை 4-1 என வென்றது. 2006-ல் ஸ்டூடமயர் முழங்கால் அறுவைச் சிகிச்சையில் இருந்தபோது, பீனிக்ஸில் குட்டையான சென்டராக ஆடியவர் இந்த டியாவ்தான். மறு வருஷம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2-1 என்று பின்தங்கியிருந்தபோது, உதவியாளர் நிக் யூரென் அந்த வீடியோவைப் பார்த்து ஒரு யோசனை சொன்னார். பயிற்சியாளர் நெட்டையான ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்து ஆண்ட்ரே இகுவோடாலாவை இறக்கினார். முதல் ஏழு புள்ளியும் கிளீவ்லாந்துக்கே போச்சு. ஆனாலும் அவர் பதறவில்லை. 103-82 என்று வாரியர்ஸ் ஜெயித்தது, கோப்பையும் வாங்கியது. அந்தப் பயிற்சியாளர் வேறு யாருமில்லை, ஸ்டீவ் கெர்தான். மேரியனை விற்றவர், ஏழு வருஷம் கழித்து மேரியன் ஆடிய ஆட்டத்தை ஆடித்தான் ஜெயித்தார்.

ஒரு யோசனை தோற்றதா, அல்லது அதைச் செய்யத் தேவையான ஆட்கள் போதவில்லையா? ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இதைப் பிரித்துப் பார்க்கணும். பீனிக்ஸ் பார்க்கவில்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.